சாய்ஸில் விட்ட பக்கம்

நாய் கடித்தால் போட ஊசி இருக்கிறது. பாம்பு கடித்தால் போடவும் ஊசி இருக்கிறது. நரம்பு மண்டலத்தைப் பாதி படித்தவன் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் போட்டுக்கொள்ள இதுவரை ஊசி எதுவும் வரவில்லை. ஆகவே அந்த இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்லி வைப்பது என் கடமையாகிறது.

இருபத்தோரு வருடமாக அவினாசி சாலைப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். இந்த இனம் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் முழுக்க இவர்கள் சாதுக்கள். வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள், மருந்தைக் கலக்கச் சொன்னால் கலக்குவார்கள், கீழே கொட்டினால் துடைப்பார்கள். இரண்டாம் வருடம் மருந்தியல் புத்தகத்தில் நரம்பு மண்டலம் என்ற பகுதி வருகிறது. அதில் நாலு பக்கம் புரட்டியதும் முதுகு நிமிர்ந்துவிடும். அதன் பிறகு இவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. 'சி.என்.எஸ் டிப்ரஷன்', அதாவது நரம்பு மண்டல மந்தம், வருகிறது. யாருக்காவது கோபம் வந்தால் அது கோபமல்ல, செரட்டோனின் குறைவு. டீக்கடையில் டீ குடிக்க விடமாட்டார்கள். அது மூளையைத் தூண்டும் மருந்து என்று மாஸ்டருக்கே பாடம் எடுப்பார்கள். மாஸ்டர் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று மட்டும் கேட்பார்.

உதாரணத்துக்குத் தரணீதரனை எடுத்துக்கொள்கிறேன். என் மாணவன், நல்ல மார்க் வாங்குகிறவன். அந்த நாலு பக்கம் படித்த வாரத்தில் அனுப்பர்பாளையத்தில் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷம். பாத்திரப்பட்டறை வைத்திருக்கும் அவனுடைய மாமா காலை நாலு மணிக்கு எழுந்தவர், இரண்டு பந்தி பரிமாறியவர், மூன்றாம் பந்தியில் தானும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்தார். சபையில் நாற்பது பேர் இருக்கும்போது இவன் அவர் கையைத் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கிப் பார்த்து, "மாமனுக்கு டோபமின் கம்மியா இருக்கும்போலங்க" என்றான். அப்போது அவருடைய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு மூளையில் எதுவோ கம்மி என்ற செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மாமா இன்றுவரை இவனோடு பேசுவதில்லை.

அவனுடைய அம்மா நல்லம்மாளுக்குக் கழுத்து வலி. வலி எப்படிப் பிறந்து, எந்த நரம்பு வழியாகப் போய், தண்டுவடத்தில் எங்கே திரும்பி, மூளையில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அவன் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி கண்ணு, அந்தத் தைலத்த எடுத்துட்டு வா" என்றாராம்.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரே ஒரு கேள்வி போதும். அது நீங்கள் கேட்கும் கேள்வியல்ல, அவர்கள் கேட்பது. உங்கள் மாத்திரை அட்டையை நீட்டுங்கள். வாங்குவார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள், பின்பக்கம் திருப்புவார்கள், பெருமூச்சு விடுவார்கள், பிறகு கேட்பார்கள்: "இத யாருங்க எழுதினது?"

கேட்கிற தொனியைக் கவனிக்க வேண்டும். எழுதினவருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தால்கூட இவர்கள் மேல்முறையீடு செய்யப் போவதில்லை. பதினைந்து வருடம் படித்துவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் நரம்பு டாக்டர், மருந்தியலில் இரண்டு பருவத்தேர்வு எழுதிய இந்தப் பையனின் பெருமூச்சில் ஒரே நொடியில் காலி. அடுத்து வருவது மந்திரம்: "இதுக்கு சைடு எஃபெக்ட் இருக்குதுங்க." இருக்கிறதுதான். பக்கவிளைவே இல்லாத மருந்து சுண்ணாம்புக்கட்டி. ஆனால் இவர்களுக்கு மருந்து என்றாலே பக்கவிளைவுதான் நினைவுக்கு வருகிறது. ஏன் தெரியுமா? பரீட்சையில் அதுதான் பத்து மார்க்.

இங்கே இவர்களுடைய ஒரு சடங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளில் மூன்று கேள்வி கொடுத்து இரண்டுக்கு எழுதச் சொல்வார்கள் அல்லவா? அதை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தப் பாடத்தைப் படிக்காமலே தப்பிக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குப் பெயர் சாய்ஸில் விடுவது. படிப்பதைவிட இதற்கு அதிக மூளை வேண்டும். பழைய கேள்வித்தாள்களை வரிசையாக அடுக்கி, சீனியரிடம் விசாரித்து, பென்சிலால் புத்தகத்தில் குறி போடுவார்கள். டிக் போட்டால் படிக்க வேண்டியது. பெருக்கல் குறி போட்டால் அந்தப் பக்கம் அவர்கள் வாழ்க்கையிலிருந்தே விலகிவிட்டது. மனித மூளையில் இப்படிப் பெருக்கல் குறி போட்ட பகுதிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. என் மாணவர்களின் புத்தகத்தில் பாதிக்குப் பாதி.

சரி, செல்லத்தாய்க்கு வருகிறேன்.

வேலம்பாளையத்தில் தரணீதரனின் அப்பாவுக்கு வரிசையாக வாடகைக்கு விட்ட எட்டு லைன் வீடுகள். எல்லாவற்றிலும் தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். மூன்றாவது வீட்டில் செல்லத்தாய், அவள் கணவன் முனீஸ். தென்காசிப் பக்கம். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. அதனால் கம்பெனியில் அவளை மிஷினில் உட்கார விடவில்லை. தைத்து விழும் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை. ஆறு வருடம் நின்றுகொண்டே செய்தாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சரியான மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்தார். ஃபெனிடோயின். அதிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களின் மிஷினில் உட்கார்ந்து பழகி, புதுக் கம்பெனிக்கு மாறி, அங்கே எதையும் சொல்லாமல் ஓவர்லாக் மிஷினில் டெய்லராக உட்கார்ந்துவிட்டாள். அந்த ஸ்டூல்தான் அவள் சம்பாதித்த சொத்து. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கும் மாத்திரைதான் அந்த ஸ்டூலின் நான்காவது கால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தரணீதரனைப் பார்த்துவிட்டாள். கையில் மாத்திரை அட்டை.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்களேன். ஈறு வீங்கிட்டே வருது. இதனாலதான் இருக்குமோ?"

நல்ல கேள்வி. ஒரு டாக்டர் கேட்டு மகிழ வேண்டிய கேள்வி. இவன் அட்டையை வாங்கினான், வெயிலில் பிடித்தான், திருப்பினான், பெருமூச்சு விட்டான்.

"இத யாருங்க்கா எழுதினது?"

"பெரியாஸ்பத்திரில."

"எத்தன வருசமாச் சாப்படறீங்க?"

"நாலு வருசம் இருக்கும்."

"நாலு வருசமாங்க்கா? இது நெம்ப வருசம் சாப்படக் கூடாதுங்க. ஈறு வீங்கும், மூஞ்சில முடி மொளைக்கும், எலும்பு தேஞ்சு போகும். நாலு வருசமா வலிப்பு வந்துச்சுங்களா?"

"வரல."

"அப்பறம் எதுக்குங்க்கா மாத்திர? நிறுத்திப் போட்டுப் பாருங்க."

கவனித்தீர்களா? அவன் சொன்ன பக்கவிளைவு ஒவ்வொன்றும் சரி. நான் திருத்தினால் பத்துக்கு ஒன்பது மார்க் போடுவேன். போட்டும் இருக்கிறேன். நனையாமல் இருக்கிறோமே, அப்புறம் குடை எதற்கு என்று கேட்டு மழைக்கு நடுவில் குடையைப் பிடுங்கிக்கொள்கிற புத்திசாலித்தனம் இது. அந்த மாத்திரையை நிறுத்தலாம்தான். டாக்டர் பார்த்து, முடிவு செய்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஈறு வீக்கத்துக்காக வேறு மருந்துக்கு மாற்றவும் மாற்றுவார். ஒரே நாளில் நிறுத்தினால், அது வரை அடங்கிக் கிடந்தது மொத்தமாகத் திருப்பி அடிக்கும்.

வீட்டுக்காரர் மகன், காலேஜில் மருந்துக்கே படிக்கிறவன், இனாமாகச் சொல்கிறான். செல்லத்தாய் அன்று ராத்திரியே நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியில் ஓவர்லாக் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டூலிலிருந்து சாய்ந்தாள். மேஜை விளிம்பு இடது புருவத்தைக் கிழித்தது.

அடுத்து வரும் பத்தி பாடம். கதைக்காக அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

வலிப்பு வந்தவரைச் சுற்றியிருக்கும் கூரான, கனமான பொருட்களை அப்புறப்படுத்த வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். கழுத்தை இறுக்குவதைத் தளர்த்த வேண்டும். கை கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் இரண்டாவது முறை வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ உடனே 108. வழக்கமாகச் சாப்பிடும் வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

கம்பெனியில் பஞ்சு வைத்துக் கட்டி, நினைவு திரும்பியதும் ஒரு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு லைன் வீட்டு வாசலில் மறுபடியும் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. முனீஸ் போட்ட சத்தத்தில் எல்லா வீடும் ஓடி வந்தது. தரணீதரனும் ஓடி வந்தான். நரம்பணுவின் சுவரில் சோடியம் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது, இந்த மருந்து அந்த வாசலை எப்படிச் சாத்துகிறது என்று படம் போட்டு பாகம் குறிக்கத் தெரிந்த அந்த மேதை, வந்த வேகத்தில் என்ன செய்தான் தெரியுமா? தன் பைக் சாவியை உருவி அவள் உள்ளங்கையில் திணித்தான்.

சாவி வேலை செய்யவில்லை. ஏழு நிமிடமோ எட்டு நிமிடமோ, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாலாவது வீட்டு இசக்கிமுத்து, சாயப்பட்டறையில் மூட்டை தூக்குகிறவர், ஐந்தாவது வகுப்போடு படிப்பை முடித்தவர், போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டார். செல்லத்தாய் பிழைத்தது அவரால்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தரணீதரனே சொன்னான். இந்த இனத்துக்கு அடுத்தவர் வீட்டில் நடக்கும் எதுவும் துன்பமாகத் தெரியாது, 'கேஸ்' என்றுதான் தெரியும். சனிக்கிழமை வகுப்பில் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"மேம், எங்க லைன்ல நெம்ப இன்ட்ரஸ்டிங்கான கேஸ் ஒண்ணுங்க."

முழுக்கச் சொன்னான். சாவியையும் சொன்னான், கொஞ்சம் பெருமையாகவே. முதல் பெஞ்சில் இருந்த ஷாஸியா திரும்பிப் பார்த்து, "சாவி எந்த ரிசப்டர்ல போய் உக்காரும், தரணி?" என்று கேட்டாள். மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்குத்தான் ரிசப்டர் என்று பெயர். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

நான் கேட்டேன், "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தும் வந்துச்சா?"

"இல்லீங்க மேம். சைடு எஃபெக்ட் இருந்துச்சுங்க. நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன்."

சொல்லும்போது அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

புத்தகத்தை எடு என்றேன். பக்கம் சொன்னேன். பக்கவிளைவுகள் இருக்கும் பக்கத்தில் டிக், டிக்குக்கு மேல் டிக், மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு, ஓரத்தில் நட்சத்திரம். அதைத் திருப்பினால் அடுத்த பக்கம் பளிச்சென்று இருந்தது, கலர்க் கோடு எதுவும் படாமல். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும், உயிருக்கே ஆபத்து என்று அதில் மூன்று வரி. அந்த மூன்று வரிகளுக்குக் குறுக்கே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.

சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். இரண்டாவது வரியில் குரல் தாழ்ந்தது, மூன்றாவது வரியில் காணாமலே போனது. பையன் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக வளைந்து நின்றான்.

"இதை ஏன் படிக்கலை?"

நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கோபத்தில் இருக்கும் ஆசிரியைக்கு வாய் நிற்காது.

"நீங்கதானுங்க மேம் சொன்னீங்க. போன செமஸ்டர்ல இம்பார்ட்டண்ட் கொஸ்டீன் குடுக்கறப்ப. இது ரெண்டு மார்க்குலகூட வராது, சாய்ஸ்ல விட்ருங்கன்னு."

சொல்லியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்பு, எல்லோரும் தேற வேண்டும், கல்லூரி தேர்ச்சி விகிதம் கேட்கிறது, மணி பதினொன்று ஐம்பது, இன்னும் பாதிப் பாடம் கிடக்கிறது. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து அஸ்ஃபாக் மெதுவாகக் கேட்டான்.

"மேம், அப்ப இது இம்பார்ட்டண்டுங்களா?"

ஆமாம் என்றேன். உடனே ஐம்பத்திரண்டு பேனாக்கள் திறந்தன. அந்தப் பக்கத்தில் அத்தனை பேரும் நட்சத்திரம் போட்டுக்கொண்டார்கள். அதற்கு அடுத்த பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுவாரம் அவனைக் கூட்டிக்கொண்டு வேலம்பாளையம் போனேன். செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புருவத்தில் தையல், நாக்கில் கடித்த புண், பேச்சு கொஞ்சம் குழறியது. என்னை டாக்டர் என்று நினைத்து எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு, இவன் செய்தது தப்பு என்று சொன்னேன். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தம்பிய ஏசாதிய மேடம். அவிய நல்லதுக்குத்தான சொன்னாவ."

அதைவிட அவள் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

"வேலைக்குப் போறீங்களா?" என்றேன்.

"திங்கக்கெழமலருந்து வரச் சொல்லிருக்காவ. மிஷின்ல இல்ல. சூப்பர்வைசர் பயப்படுதாரு. கைமடிக்கு வேணா வான்னு சொல்லிட்டாரு." கீரைத்தண்டை ஒடித்தாள். "ஆறு வருசம் நின்னாச்சு. பழகின காலுதான."

முனீஸ் உள்ளேயிருந்து புது மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து தரணீதரனிடம் நீட்டினான். செல்லத்தாய் அவனையே பார்த்துக் கேட்டாள், ஒரு சந்தேகமும் இல்லாமல், முன்பு கேட்ட அதே குரலில்.

"இது புதுசாக் குடுத்துருக்காவ. இதச் சாப்பிடலாமா தம்பி?"

தரணீதரன் அட்டையை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். நான் அவனுக்கு இரண்டு வருடம் நடத்திய பாடத்தில் அவன் சொந்தமாகக் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியம் அப்போது வெளியே வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க்கா. டாக்டருகிட்டயே கேட்டுக்குங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு பார்மசிக்காரன் பிறந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த ஈரத்தோடு வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவி போட்டேன். பின்னால் இசக்கிமுத்து அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் அவர் அப்பாவுக்குக் கை நடுக்கமாம், ஏதோ மாத்திரையாம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடிக்க ஆகும் நேரம். பிறகு ஒரு பெருமூச்சு.

"இத யாருங்க எழுதினது?"

வண்டியை விட்டு இறங்கிப் போய் அந்த அட்டையைப் பிடுங்கி இசக்கிமுத்துவிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க என்னால் முடியாது.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டும் உச்சுக் கொட்டிக்கொண்டும் படித்தீர்கள். அந்தப் பயலை நாலு வார்த்தை திட்டியும் இருப்பீர்கள். நீங்கள் அந்த இனமில்லை என்ற நிம்மதி உங்கள் முகத்தில் தெரிகிறது. ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா? நடுவில் ஒரு பத்தியைப் பாடம் என்று சொல்லி, அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம் என்றேன். தாண்டினீர்களா? தாண்டாதவர்களும், புருவம் கிழிந்தவளுக்கு அடுத்து என்ன ஆனது என்று பார்க்கும் அவசரத்தில், கண்ணை மட்டும் ஓட்டிவிட்டு வந்தீர்களா? தாண்டலாம் என்று சொன்னது நான்தான். அவனிடம் சொன்னதும் நான்தான்.

மேலே திரும்பிப் போகாமல் பதில் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும்? எப்படிப் படுக்க வைக்க வேண்டும்? வாயில் எதை வைக்கலாம்?

சீக்கிரம். செல்லத்தாய் உங்கள் காலடியில்தான் கிடக்கிறாள், உங்கள் கை சாவியைத் தேடுகிறது.